மல்லைக் கல்லும் வீணை நரம்பும்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், கூடுவாஞ்சேரிக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் இடையே இருக்கிறது மறைமலைநகர். தொழிற்சாலைகளும் குடியிருப்புகளுமாகத் திட்டமிட்டு அமைத்த புதிய நகரம் இது. மாமல்லபுரத்துக்குச் செல்லும் யாத்திரிகர்கள் இந்நகரைப் பார்ப்பதற்கென்று இறங்குவது அரிது. ஆயினும் இதன் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறவர்கள் சிறிது நின்றுவிட்டுத்தான் மேலே போவார்கள். வேதாசலம் என்று தமக்கு இட்ட பெயரை மறைமலை என்று தூய தமிழாக்கிக்கொண்டு, 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, பல்லவபுரத்தில் வாழ்ந்து 1950-இல் மறைந்த மறைமலையடிகளின் நினைவாக எழுந்த பெயரல்லவா அது? பழைய செல்வம் ஒன்று கைநழுவிப் போய்க்கொண்டிருக்கையில் அதைத் திரும்பப் பற்றிக்கொள்ள வேண்டுமென்று துடித்த ஒரு மனிதரின் பெயர். நாம் மேற்கொண்ட பிரயாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாயில் கிடைத்திராது. ஏனெனில் நாமும் கைநழுவிய செல்வம் ஒன்றைத் தேடியே புறப்பட்டோம்.

அந்தச் செல்வம் நரம்புக் கருவிகளின் கூட்டிசை. கியூபாத் தீவிலே, ஹவானா நகரத்தில், கிதார் வாத்தியத்தை மட்டுமே கொண்டு முழு வாத்தியகோஷ்டி அமைத்து வாசிக்கிறார்கள். நம் ஊரில் சினிமாப் பாட்டுக்குத் துணை நிற்கும் அதே கிதார் அங்கே சபை நடுவில் வரிசை வரிசையாக அமர்ந்து, ஒருவர் கையசைவுக்குக் கட்டுப்பட்டு, ஒரே உயிர்போல் ஒலிக்கிறது. அதை நினைக்கும்போது நம் மனத்தில் எழுந்த கேள்வி இதுதான்: வீணைக்குப் பிறந்தகம் என்று பெருமை பேசும் நமது நாட்டில், வீணை மாத்திரம் ஏன் தனியே அமர்ந்திருக்கிறது? நம் முன்னோர்களும் அதைத் தனியாகத்தான் வைத்திருந்தார்களா? இக்கேள்விக்கு விடை தேடப் பல்லவர்களின் கடற்கரையைவிடத் தகுந்த இடம் வேறு நமக்குத் தோன்றவில்லை.

செங்கற்பட்டை அடையும்போது கொளவாய் ஏரி கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தென்படுகிறது. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் கடற்கரை வரையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பாதி வழியில் நிமிர்ந்து நிற்கிறது திருக்கழுக்குன்றம். மலைமேல் கோயில் கொண்ட ஈசனுக்கு வேதகிரீசுவரர் என்று திருநாமம். வேதகிரி என்றாலும் வேதாசலம் என்றாலும் மறைமலை என்றாலும் பொருள் ஒன்றே. காலையில் விட்டுவந்த நகரத்தின் பெயரே குன்றாக எதிரில் நிற்பது கண்டு மகிழ்ந்தோம்.

இத்தலத்தைப் பாடிய திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். மாமல்லபுரத்துக் கல்லில் உளி விழத் தொடங்கிய காலத்தை ஒட்டியவர். அவர் தலந்தோறும் தனியாகச் செல்லவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழுடன் உடன் சென்றார். அவருடைய மனைவியார் மதங்கசூளாமணியாரும் சென்றார். குரலும் நரம்பும் சேர்ந்து நடந்த யாத்திரை அது. தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய ஒரு பதிகம் யாழின் நரம்புகளுக்குள் அடங்காமல் போக, பாணர் மனம் நொந்து யாழையே முறிக்கத் துணிந்தார் என்றும், பிள்ளையார் அதைத் தடுத்து, அடங்கிய அளவில் வாசித்து வருமாறு பணித்தார் என்றும் பெரிய புராணம் கூறுகிறது. முறியாமல் அன்று காப்பாற்றப்பட்ட அந்தக் கருவி பிற்காலத்தில் முறிப்பார் இல்லாமலே மறைந்து போயிற்று. எந்த நாளில், எந்த ஊரில் கடைசி யாழ் ஒலித்து ஓய்ந்ததென்று எழுதி வைத்தவர் எவரும் இல்லை.

மாமல்லபுரத்தை நெருங்கும்போது முதலில் காதில் விழுவது கடலோசை அன்று, உளியோசை. சாலையின் இரு மருங்கிலும் சிற்பக்கூடங்கள். பிள்ளையாரும் புத்தரும் நந்தியும் உருவாகும் அந்தக் கூடங்களில், மடியில் வீணை தாங்கிய சரஸ்வதியும் வீற்றிருக்கிறாள். சிற்பிகள் குடத்தையும் தண்டியையும் யாளி முகத்தையும் பிசகின்றிச் செதுக்குகிறார்கள். வீணையின் உருவம் இவ்வூர்க் கைகளுக்கு இன்றும் மனப்பாடம்.

ஊர் நடுவே அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறையின் முன் நின்றோம். யானைக் கூட்டத்தையும், தவக்கோலம் பூண்ட பூனையையும் காட்டி வழிகாட்டிகள் கூட்டத்தை நகர்த்திச் சென்றுவிடுகிறார்கள். சற்று நிதானித்துப் பார்ப்பவர்களுக்குத்தான் பாதி பறவையும் பாதி மனிதருமான கின்னர இணைகள் புலப்படும். ஆண் கின்னரன் கையில் நரம்புக் கருவி. அருகே பெண் கையில் தாளம். இன்றைய தஞ்சாவூர் வீணையின் உருவம் அதற்கு இல்லை. 24 மெட்டுக்கள் கொண்ட நமது வீணை பல நூற்றாண்டுகள் கழித்தே வடிவம் பெற்றது. ஆனால் நாம் அங்கே கவனித்தது கருவியின் வடிவத்தை மட்டுமன்று. இசைக்கும் கின்னரனைச் சிற்பி தனியே விடவில்லை. நரம்பு ஒலிக்கும் இடத்தில் தாளம் போட ஒரு துணையையும் கூடவே வைத்திருக்கிறான்.

ஐந்து ரதங்களில் உயர்ந்ததான தர்மராஜ ரதத்தின் மேல்நிலைகளில் சிவபெருமானே வீணை ஏந்தி நிற்கிறார். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்க்கு எளிதில் தெரியாத உயரத்தில் அந்த உருவத்தை அமைத்த சிற்பி, யார் பார்ப்பதற்காக இத்தனை நுட்பமாக அதைச் செதுக்கினான் என்று வியப்புத்தான் உண்டாகிறது.

மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாக வடக்கே சுமார் 5 கிலோமீட்டர் சென்றால் சாளுவன்குப்பம். புலிக்குகையைக் காண வருகிறவர்களில் பலர், அதன் அருகே மணல்மேட்டிடையே இருக்கும் அதிரணசண்ட மண்டபத்துக்குள் நுழைவதில்லை. அம்மண்டபத்துச் சுவர்களில் பல்லவ கிரந்தத்திலும் நாகரியிலுமாக இரண்டு எழுத்து வகைகளில் வடமொழிச் சாசனம் பொறித்திருக்கிறது. அதில் ஒரு சுலோகம் காலகாலன் என்னும் பட்டப்பெயர் கொண்ட அரசனின் சங்கீதத்தைப் பற்றியது. பிரமனோ பரதனோ திருமாலோ நாரதனோ முருகனோ அல்லாமல் வேறு யார்தான் அவனுடைய சங்கீதத்தை உணர வல்லவர் என்பது அதன் கருத்து. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் இராஜசிம்ம பல்லவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டப்பெயர்களில், வீணையில் நாரதன் என்ற பொருளுடைய வீணாநாரதன் என்பதும் ஒன்று. யானைப்படையையும் கடல் வாணிபத்தையும் ஆண்ட அரசன் வீணை வாசிப்பையும் தன் விருதாகக் கல்லில் வெட்டி வைத்த தேசம் இது.

அரசனுடைய வீணை தனித்து ஒலித்திருக்கலாம். நாட்டு மக்கள் கண்ட அரங்கிலோ கருவிகள் கூடித்தான் ஒலித்தன. பல்லவர்களுக்கும் முற்பட்ட சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டினால் இது விளங்கும். மாதவி ஆட வந்த மேடையில் குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், அதன் பின் முழவும் வர, கடைசியில் எல்லாக் கருவிகளும் இடைவெளியின்றி ஒன்றாய்க் கூடும் முறையை இளங்கோவடிகள் வரிசை பிசகாமல் சொல்லியிருக்கிறார். யார் முன்னே, யார் பின்னே, யார் எப்போது சேர்வது என்ற கட்டுப்பாடு இருந்தால் அதுதானே வாத்தியகோஷ்டி? அதற்குப் பல்லியம் என்ற அழகிய பெயரும் பழந்தமிழில் உண்டு. யாழிலேயே 21 நரம்புடைய பேரியாழும் 7 நரம்புடைய செங்கோட்டியாழும் என வகைகள் இருந்தன. ஆகவே கூட்டிசை என்பது மேனாட்டார் கொண்டுவந்த புதுமை என்று சொல்வது நம் வீட்டு நிலவறையைத் திறந்து பாராதவர்களின் பேச்சு.

அந்த நிலவறையைத் திறந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், பல ஆண்டு உழைப்பின் பயனாக யாழ் நூலை ஆக்கினார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே சுவாமிகள் மறைந்தார்கள். கணக்கும் இலக்கணமும் நூலாக நம்மிடம் வந்து சேர்ந்தன. ஆனால் விட்டுப்போன விரல் பழக்கத்தை எந்த நூலும் முழுவதும் மீட்டுத் தர முடியாது. கருவி ஏட்டில் வாழ்வதில்லை. ஆசிரியர் கையிலிருந்து மாணவர் கைக்குச் செல்லும் வரையில்தான் வாழ்கிறது.

இதை நன்கு உணர்ந்தவர்கள் கியூபா மக்கள். கிதார் அவர்கள் மண்ணில் பிறந்ததன்று; அவர்களை அடக்கி ஆண்ட ஸ்பானியர்களோடு கப்பலேறி வந்தது. 1898-இல் ஸ்பானிய ஆட்சி முடிவுற்றது. ஆண்டவர்கள் போனார்கள், கிதார் நின்றுவிட்டது. ஹவானாவில் கிளாரா ரொமேரோ என்னும் அம்மையார் அதை முறையாகக் கற்பிக்கலானார். அவருடைய மகன் ஐசக் நிக்கோலா தாயிடம் பயின்றதுடன், பாரிஸ் நகரத்தில் எமிலியோ புஜோல் என்னும் ஆசிரியரிடமும் கற்றுத் திரும்பித் தம் நாட்டு இளைஞர்களுக்குப் பாடம் சொன்னார். அவரிடம் பயின்றவர்களில் ஒருவர், 1939-இல் பிறந்த லியோ புரோவர். இன்று உலகெங்கும் கிதார் பயில்வோர் அவருடைய சாகித்தியங்களைப் பயில்கிறார்கள். நம்மவர் குருபரம்பரை என்று சொல்வது இதைத்தான். அதே பரம்பரையில் வந்த ஹெசுஸ் ஓர்த்தேகா என்பவர் இயக்கியதுதான் 'சொனாந்தாஸ் ஆபானேராஸ்' என்ற கிதார் கோஷ்டி.

கிதார்களை மட்டும் வைத்துக் கோஷ்டி அமைப்பதில் உள்ள சிரமம் இன்னதென்று சங்கீதம் பயின்ற நேயர்களுக்கு எளிதில் விளங்கும். வயலினில் வில் மெதுவாகத் தொடங்கலாம். ஒருவர் இம்மியளவு பிந்தினாலும் நாதம் நாதத்தோடு கலந்து குறையை மூடிவிடும். மீட்டும் கருவியிலோ ஸ்வரம் பிறக்கிற கணம் கூரிய முனைபோல் தனித்துக் காதில் படுகிறது. இருபது பேர் ஒரே ஸ்வரத்தை மீட்டும்போது ஒரு விரல் பிந்தினாலும் மறைக்க வழியில்லை. பிறந்த ஒலியோ உடனே தேயத் தொடங்குகிறது. ஆதலால் ஒருவர் ஸ்வரம் அடங்குமுன் மற்றொருவர் எடுத்துக்கொள்ளுமாறு பங்கு பிரிக்க வேண்டும். சிறிய உருவில் செய்த உச்ச ஸ்தாயிக் கிதார்களையும், பெரிய உருவில் செய்த மந்தர ஸ்தாயிக் கிதார்களையும் சில கோஷ்டிகள் சேர்த்துக்கொள்கின்றன. தன் கருவியை வாசிப்பது பாதி வேலை. அடுத்தவர் கருவியைக் கேட்பது மற்றப் பாதி. புரோவர் 1984-இல் மழையைப் பொருளாகக் கொண்டு பல கிதார்களுக்கென்று ஓர் இசை அமைத்தார். தொடக்கத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாய்த் துளிகள். ஒவ்வொரு துளியும் ஒவ்வொருவர் விரலிலிருந்து. பிறகு துளிகள் நெருங்குகின்றன, இறுதியில் பெருமழை. தனியொருவர் எத்தனை வல்லவராயினும் இந்த மழையைப் பெய்விக்க இயலாது. ஐப்பசி மழை கடலிலிருந்து நடந்துவரும் இக்கரையில் நின்றுகொண்டு அதை எண்ணிப் பார்த்தோம், உள்ளம் சிலிர்த்தது.

நம் தேசத்தில் முயற்சிகள் இல்லாமலில்லை. மைஹர் சமஸ்தானத்தில் உஸ்தாத் அலாவுதீன் கான் 1918-இல் அநாதைக் குழந்தைகளைச் சேர்த்து ஒரு வாத்தியகோஷ்டி அமைத்தார். துப்பாக்கிக் குழாய்களைக்கூட ஸ்வரக் கருவியாக மாற்றிக் கொடுத்தார். 1952-இல் டில்லி வானொலியில் வாத்திய விருந்தா தோன்றியபோது அதை நடத்தியவர்களில் ரவிசங்கருடன் நம்மவரான டி. கே. ஜெயராமய்யரும் இருந்தார். பண்ணைப்புரத்தில் பிறந்து, லண்டன் டிரினிடி கல்லூரியின் கிதார்ப் பரீட்சையில் தங்கப் பதக்கம் பெற்ற இளையராஜா, 2025 மார்ச் மாதத்தில் லண்டனிலேயே தமது சிம்பொனியை அரங்கேற்றினார். ஏ. ஆர். ரகுமான் சென்னையில் 2008-இல் நிறுவிய இசைப் பள்ளியைச் சார்ந்து, வசதியற்ற குடும்பத்துக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றி மேனாட்டு வில்வாத்தியங்களைக் கற்பித்து ஒரு கோஷ்டியும் அமைத்தார்கள். ஏழைக் குழந்தைகள் கூட்டிசைக்குத் தகுதியற்றவர்கள் என்ற எண்ணத்தை அது பொய்யாக்கிற்று.

வீணைக்கு மட்டும் இத்தகைய பேறு இன்னும் சரிவரக் கிட்டவில்லை. விசேஷ நாட்களில் நூற்றுக்கணக்கான வீணைகளை ஒரே மேடையில் வைத்து வாசிப்பதுண்டு. கண்ணுக்கு அது பெரு விருந்து. ஆனால் எல்லோரும் ஒரே கீர்த்தனத்தை ஒரே ஸ்தாயியில் வாசிக்கும்போது பெருகுவது ஒலி மட்டுமே. சேர்ந்து வாசிப்பது ஒன்று. பங்கிட்டு வாசிப்பது வேறொன்று.

நமது சங்கீதத்துக்கு இது ஒவ்வாது என்று வித்துவான்கள் சிலர் சொல்லக்கூடும். அவர்கள் வாதத்தில் சாரம் இருக்கிறது. வீணையில் தந்தியை இழுத்து ஒரே மெட்டில் பல ஸ்வரங்களின் சாயலைக் காட்டுகிறோம். அந்தக் கமகம் பாணிக்குப் பாணி, கைக்குக் கை மாறும். மனோதர்மம் என்பது ஒருவருடைய உள்ளத்தில் அப்போதைக்கப்போது சுரப்பது. அதைக் காகிதத்தில் எழுதிப் பத்துப் பேருக்குப் பகிர்ந்தளிக்க இயலாது. இவ்வளவும் மெய்யே. எனினும் பத்து வீணை வாசிக்கும் குழந்தைகள் ஒரே பாணியில் கமகம் பிடிக்கப் பழகினால் அதனால் சங்கீதத்துக்கு வரும் கேடு என்ன? மேனாட்டு முறையில் ஸ்வரங்களை அடுக்க வேண்டியதுமில்லை. ஒரு வரிசை பல்லவியைப் பிடிக்க, மற்றொரு வரிசை மந்தரத்தில் ஆதாரம் தர, வேறொரு வரிசை இடைவெளியை நிரப்பட்டும். திருவையாற்றில் பஞ்சரத்தினக் கீர்த்தனங்களைப் பெருங்கூட்டமாக அமர்ந்து பாடுகிறோம். மலையாளத்தில் பஞ்சவாத்தியக்காரர்கள் பலர் கூடி ஒரே தாளத்தில் மலையை எழுப்புகிறார்கள். கூட்டத்தில் ராகமும் தாளமும் கெடவில்லையே!

அந்நியக் கருவியை நம்முடையதாக்கிக்கொள்ளும் திறமையும் நமக்குண்டு. முத்துசாமி தீக்ஷிதரின் தம்பி பாலுசாமி தீக்ஷிதர் ஆங்கிலேயர்களுடைய வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? கியூபாக்காரர்கள் கிதாருக்குச் செய்ததை நாம் வயலினுக்குச் செய்துவிட்டோம். சொந்தக் கருவிக்குச் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

இங்கேதான் நம் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழக அரசு 17 மாவட்ட இசைப்பள்ளிகளை நடத்துகிறது. காஞ்சிபுரத்திலும் ஒன்று உண்டு. எளிய குடும்பத்துப் பிள்ளைகள் சங்கீதம் கற்பதற்கு இவை பெரும் துணை. அவற்றுக்கு வகுத்த பாடங்கள் ஏழு: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். வயலின் இருக்கிறது, வீணை இல்லை. அரசு இசைக்கல்லூரிகளுக்குச் சென்றால் வீணை பயிலலாம். ஆனால் கல்லூரி வாயிலை அடையுமுன் கையில் வீணையைத் தொட்டுப் பாராத பிள்ளை அதை நாடிப் போவது எவ்வாறு? பலா மரத்தில் கடைந்த வீணை விலை மிகுந்தது, பெரியது, பஸ்ஸில் தூக்கிச் செல்ல இயலாதது. ஏழைக் குடும்பம் தானாக வாங்கிப் பழகும் பொருள் அன்று. பொதுவில் பத்து வீணைகளை வைத்துக் கற்பித்தாலொழிய அது வசதி படைத்த வீடுகளின் கூடத்திலேயே தங்கிவிடும். சில தலைமுறைக்குப் பின் அங்கேயும் பட்டுத்துணி போர்த்திய அலங்காரப் பொருளாகிவிடும். யாழ் சென்ற வழி இத்தகையதாகவே இருந்திருக்க வேண்டும். எந்த அரசனும் அதை வேண்டாமென்று விலக்கவில்லை. கற்பார் குறைந்தனர், அவ்வளவே.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலையல்ல. பல்லவர்களின் பூமியான இந்தச் செங்கற்பட்டு, காஞ்சிபுரம் ஜில்லாக்களில் ஓரிடத்தில் ஓர் ஆசிரியரையும் பத்து வீணைகளையும் வைத்துத் தொடங்கலாம். ஒரே வகுப்பில், ஒரே பாணியில், ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கக் குழந்தைகளைப் பழக்கலாம். மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கல்லூரி இருக்கிறது. மரச் சிற்பமும் அங்கே கற்பிக்கிறார்கள். வீணைக் குடம் கடையும் வித்தையை அவ்விளைஞர்கள் தஞ்சாவூர் ஆசாரிமார்களிடம் கற்றுவந்தால் கருவிப் பஞ்சமும் குறையும். குளிர்காலந்தோறும் மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறையினர் நாட்டிய விழா நடத்துகிறார்கள், வெளிநாட்டாரும் கூடுகிறார்கள். அவ்விழாவில் ஒரு மாலையை இந்தக் குழந்தைகளின் வீணைப் பல்லியத்துக்கு ஒதுக்கினால் போதும். ஹவானாவுக்குச் சென்று கிதார் கோஷ்டி கேட்டுவரும் ரசிகர்கள் மாமல்லபுரத்துக்கும் வீணை கேட்க வருவார்கள்.

நேயர்கள் அடுத்த முறை அக்கடற்கரைக்குச் செல்லும்போது, யானைகளைப் பார்த்து முடித்த பின் கின்னர இணையையும் சற்று நேரம் நின்று பாருங்கள். சாளுவன்குப்பத்து மண்டபத்துக்குள்ளும் ஒருமுறை நுழைந்து வாருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் வீணை கற்பிக்கிறார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் ஏனென்று கேளுங்கள். கல்லில் இருக்கும் கின்னரனுக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகத் தாளம் போட ஒரு துணை இருக்கிறது. உயிரோடிருக்கும் நம் வீணைக்கும் துணை வேண்டாமா?